களரியும் நூலகமும்

பொது நூலகம் என்றவுடன் நம்மிற் பலருடைய மனக்கண்முன் வந்து நிற்பவை அடுக்கடுக்கான புத்தக அலுமாரிகளும், அமைதி காக்க என்று எழுதித் தொங்கவிட்ட பலகையுந்தாம். ஆடலுக்கும் பாடலுக்கும் அங்கே என்ன வேலை என்று கேட்போர் இன்றும் உளர். ஆனால் 1994ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் வெளியிட்ட பொது நூலகப் பிரகடனத்தைப் புரட்டிப் பார்ப்போமாயின், நூலகத்தின் கடமைகளுள் அரங்கக் கலைகள் அனைத்தையும் மக்கள் அணுகத்தக்கனவாக்குவதும் வாய்மொழி மரபைப் பேணுவதும் சேர்த்து எண்ணப்பட்டிருப்பதைக் காண்கின்றோம். அச்சேவை கட்டணமின்றி நடைபெறுதல் வேண்டும் என்பதும் அப்பிரகடனத்தின் கொள்கையே. நியூயோர்க் நகரின் லிங்கன் மையத்திலே 1965இல் திறக்கப்பட்ட அரங்கக் கலைகளுக்கான பொது நூலகம் தன் மண்டபத்திலே இசையையும் நாடகத்தையும் கட்டணமின்றி மக்களுக்கு வழங்கி வந்திருப்பதைப் பலரும் பெருமையோடு எடுத்துக்காட்டுவர். நல்லது. பெருமைக்குரிய செயல்தான் அது.

எனினும், அந்நூலகத்துக்குக் கல் நாட்டப்படுவதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்னரே, மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழ்ந்த உழவரும் மீனவரும், நுழைவுச்சீட்டு என்ற ஒன்றையே அறியாத ஓர் அரங்கைக் கட்டி வளர்த்திருந்தனர் என்பதை நம் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை. அதனை இங்கே சற்று விரிவாகப் பேச விரும்புகின்றோம்.

வடக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் அவ்வாவி, நாட்டை இரண்டாகப் பிரிக்கின்றது. கடலை அடுத்த மணற்பாங்கான நிலம் எழுவான்கரை. கதிரவன் மறையும் திசையிலே வயல்வெளிகளாக விரியும் நிலம் படுவான்கரை. வயலுக்குச் சொந்தக்காரரான போடியார், அவருடைய வயலை முன்னின்று செய்யும் முல்லைக்காரன், கூலிக்கு வேலை செய்யும் ஏழை உழவன் என்று அடுக்கி நின்ற சமுதாயம் அது. தாய்வழிக் குடிமுறையும், கோயில்களை நிருவகிக்கும் வண்ணக்கர் முறையும் அச்சமுதாயத்தின் எலும்புக்கூடாக அமைந்தன. இந்த நிலத்திலேதான் வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துகளும், வசந்தன், மகிடி, பறைமேளக் கூத்து முதலானவையும் செழித்தன.

எழுத்தறிவு சிலருக்கே உரியதாக இருந்த காலத்திலே, அம்மக்கள் இலக்கியத்தை எங்ஙனம் பெற்றனர்? கேட்டுப் பெற்றனர், ஆடிப் பெற்றனர். வைகாசித் திங்களிலே கண்ணகி அம்மன் கோயிற் சடங்குகளின்போது வழக்குரைக் காவியம் பாடப்படும். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலிலே பாரதக் கதை சடங்காகவே நடத்தப்பெற்று, தீமிதிப்போடு நிறைவெய்தும். ஒரு நூலை ஒருவன் தனியே இருந்து வாசித்தல் என்ற வழக்கத்துக்கு முந்தியது இவ்வழக்கம். ஊர் முழுவதும் ஒருங்கிருந்து ஒரே நூலை வாசித்தது என்று இதனைச் சொன்னால் அது மிகையாகாது.

கூத்து இதனின்றும் ஒருபடி மேலே சென்றது. கேட்டிருந்தவனைப் பாத்திரமாக்கியது.

ஒரு கூத்து ஊரிலே தொடங்கும் முறையைப் பாருங்கள். முதலில் எந்தக் கூத்தை ஆடுவது என்பதை ஊர்ப் பெரியோரும் அண்ணாவியாரும் கூடித் தீர்மானிப்பர். பின்னர் இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று பிரித்து, அவரவர் பாடவேண்டிய பகுதியை எழுதிக் கொடுப்பர். இதற்குச் சட்டங்கொடுத்தல் என்று பெயர். எழுதப் படிக்கத் தெரியாதவன் சட்டத்தை வாங்கிக்கொண்டு என்ன செய்வான்? தெரிந்தவனிடம் செல்வான், அவன் வாசிக்க வாசிக்க இவன் நெட்டுருப் பண்ணுவான். வயலிலே காவலிருக்கும்போதும், தோணி வலிக்கும்போதும் தன் தருக்களைப் பாடிப் பாடிப் பழகுவான். மாதக்கணக்கான இரவுகளிலே ஆட்டமும் பாட்டும் பயின்ற பின்னர், சலங்கை அணியும் விழா ஒன்று நடைபெறும். அதன்பின் கூத்து முழுவதையும் வரிசைப்படி ஆடிப் பார்ப்பர். இதனை அடுக்குப் பார்த்தல் என்பர். இத்தனையும் முடிந்தே அரங்கேற்றம். நமது கலாசாலைகளிலே பட்டம் பெறும் மாணவன்கூட இத்தனை பேர் முன்னிலையிலே இத்தனை முறை சோதிக்கப்படுவதில்லை.

களரியின் அமைப்பும் சிந்திக்கத்தக்கது. நிலத்தைச் சற்றே உயர்த்தி வட்டமாக அமைத்து, சுற்றிலும் கம்பு நட்டு, மேலே வெள்ளை கட்டுவர். நடுவே அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். சல்லரிக்காரரும் பிற்பாட்டுக்காரரும் ஏடு பார்ப்பவரும் அவரைச் சூழ நிற்பர். கூத்தர் இவர்களைச் சுற்றிவந்து ஆடுவர். பார்ப்போரோ நாற்புறமும் இருப்பர். முன்வரிசை, பின்வரிசை என்பது படச்சட்ட மேடைக்கே உரிய பேதம். வட்டத்துக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பந்த வெளிச்சத்திலே, பின்னாளிலே பெற்றோமக்ஸ் விளக்கின் வெளிச்சத்திலே, இரவு முழுவதும் ஆடி விடியும்போது மங்களம் பாடி முடிப்பர்.

வடமோடியில் ஆட்டம் விறுவிறுப்பு மிக்கது. பெரும்பாலும் பாரத, இராமாயணக் கதைகளைத் தழுவிப் போரை நோக்கி நடப்பது. அரச பாத்திரங்கள் பாரமான கரப்பு உடுப்பையும் உயர்ந்த முடியையும் தாங்கி ஆடுவர். அந்த உடுப்பைச் சுமந்துகொண்டு ஒருவன் சுழன்று ஆடுவதைப் பார்த்தவர்கள், நாட்டியம் பணக்கார வீட்டு வரவேற்பறையிலேதான் பிறந்தது என்று ஒருநாளும் சொல்லமாட்டார்கள். தென்மோடியிலோ உடை இலேசானது. இசை நீட்டிப் பாடுவது. ஆட்ட நுணுக்கங்கள் மிகுதி. அலங்காரரூபன், நொண்டி நாடகம் போன்றவை இவ்வகையின. இந்த இரு மோடிகளையும் குறித்து எவ்வளவோ எழுதலாம், பேராசிரியர் சி. மௌனகுரு 1998இல் வெளியிட்ட ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ என்னும் ஆய்வு நூலை மாணவர்கள் தேடிப் படிப்பார்களாக. நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு.

களரிக்கு எவரும் கட்டணம் செலுத்தவில்லை என்றோம். ஆயின், செலவு இல்லை என்பது இதன் பொருளன்று. விளக்குக்கு எண்ணெய் வேண்டும்; உடுப்புக்குச் சீலையும் கண்ணாடித்துண்டும் வேண்டும்; மாதக்கணக்காகப் பழக்கும் அண்ணாவியாருக்குச் சோறும் சன்மானமும் வேண்டும். இவற்றை யார் தந்தார்கள்? ஊரவர் தந்தார்கள். வேளாண்மை வெட்டி முடிந்த காலத்திலே நெல்லாகவும், தேங்காயாகவும், உடலுழைப்பாகவும் தந்தார்கள். கூத்தரும் தத்தம் செலவின் ஒரு பகுதியைத் தாமே சுமந்தனர். அரங்கேற்றம் முடிந்தபின் வீட்டுக்கு வீடு சென்று ஆடும் வழக்கம் இருந்தது. அப்போது கிடைக்கும் அன்பளிப்புகளால் அச்சுமை ஓரளவு குறையும்.

இலவசம் என்ற சொல்லை நாம் இப்போது வேறொரு பொருளிலே வழங்கிப் பழகிவிட்டோம். மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குக் கைநீட்டிக் கொடுப்பது இலவசம் என்றாகிவிட்டது. மேடையிலே கொடையாளியின் பெயரை எழுதி, அவருக்கு மாலையும் போட்டு, வந்திருந்தோரைக் கைதட்டச் சொல்லும் நிகழ்ச்சிகளையே நாம் இலவச நிகழ்ச்சி என்கின்றோம். களரி அந்த வகையிலே இலவசமன்று. அது பொதுவாக இருந்தது. கொடுத்தவனும் வாங்கியவனும் ஒருவனாகவே இருந்தான்.

இவ்விடத்திலே நமது பழம்பெருமைக்காரர்களோடு நாம் பிரிந்துபோக வேண்டியிருக்கின்றது. களரி ஊருக்கெல்லாம் பொது என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது வசதியான பொய். எந்த ஊர் என்ற கேள்வி உண்டல்லவா? நிலமும் குடியும் சாதியும் வகுத்த கோடுகள் களரியின் வாசலிலே மறைந்துவிடவில்லை. எந்தச் சாதியார் எந்தக் களரியிலே ஆடலாம், எவர் எங்கிருந்து பார்க்கலாம் என்பவற்றை நிலவுடைமைச் சமுதாயத்தின் கை தீர்மானித்தது. கோயிற் சடங்குக்குப் பறை இன்றியமையாதது; பறை அறைந்தவனோ விலகி நிற்க வேண்டியவன். அவன் தன் கலையைத் தனக்கே உரிய பறைமேளக் கூத்திலே காத்துக்கொண்டான். பெண்கள் நிலையும் இதுவே. திரௌபதையும் சீதையும் களரியிலே அழுதார்கள், அழுதவர்கள் ஆடவர்கள். பெண்கள் பாயை விரித்து விடிய விடியப் பார்த்திருந்தார்கள். கதைகளும் பெரும்பாலும் அரசர் கதைகளே. அரசனைப் பாடி ஆடிய உழவன் மறுநாட் காலையிலே போடியாரின் வயலுக்குப் போனான். இவற்றை மறைத்துவிட்டுக் கூத்தைப் போற்றுவோர், உண்மையிலே கூத்தைப் போற்றவில்லை. அதன் காலத்து அடிமைத்தனத்தையே போற்றுகின்றனர்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். படித்தவர் என்று பேர்பெற்றவர் கூத்தை எவ்வாறு நோக்கினர்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பார்சி மரபைத் தழுவிய நாடகக் குழுக்கள் தமிழகத்திலிருந்து இலங்கைக்கு வரத் தொடங்கின. கொட்டகையும், திரைச்சீலையும், நுழைவுச்சீட்டும் அவற்றோடு வந்தன. நாடகம் விலைப்பொருளாயிற்று. ஆங்கிலக் கல்வி கற்றவர்களுக்கோ சேக்சுபியர் இருந்தார். கூத்து, படியாத சனங்களின் இரவுக் கூச்சல் என்று ஒதுக்கப்பட்டது. வாவிக்கரை தந்த பெரும் புலவர் சுவாமி விபுலாநந்தர், 1892இல் காரைதீவிலே பிறந்தவர், 1926இல் ‘மதங்க சூளாமணி’ என்னும் நாடக நூலை இயற்றினார். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதையும், சேக்சுபியரின் நாடகங்களும், வடமொழித் தசரூபகமும் அந்நூலிலே பேசப்படுகின்றன. 1947இல் வெளிவந்த ‘யாழ்நூல்’ அழிந்துபோன யாழைக் கணக்கிட்டு மீட்டது. அம்மேதையின் தொண்டைக் குறைத்துப் பேச நாம் யார்? ஆயினும், அழிந்த யாழைத் தேடிய அக்கண்கள், தம் பிறந்த மண்ணிலே அழியாது நின்ற மத்தளத்தின்மீது அதே ஆர்வத்தோடு திரும்பவில்லை. இது ஒரு தனிமனிதரின் குறையன்று. ஒரு காலத்துக் கல்வியின் பார்வை அது. இதற்குச் சற்று விலக்காக, தி. சதாசிவ ஐயர் 1940இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு’ நிற்கின்றது.

நிலைமை மாறியது எவ்வாறு? ஒரு சிலரின் கலைத்தாகத்தினால் என்று மட்டும் சொல்வது வரலாறாகாது. 1945இலே இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நாட்டுப்புறங்களிலே மத்திய கல்லூரிகள் எழுந்தன. வந்தாறுமூலையிலும் அத்தகைய கல்லூரி ஒன்று அமைந்தது. அதுவரை வயலிலும் வாவியிலும் தம் தந்தையரின் தொழிலையே செய்திருக்க வேண்டிய பிள்ளைகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் படிகளை மிதித்தனர். அவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. காலிலே தாளக்கட்டும், தொண்டையிலே தருவும் இருந்தன. மௌனகுரு இத்தலைமுறையின் பிள்ளை.

பேராதனையிலே அப்போது காற்றும் திரும்பியிருந்தது. பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர, சிங்கள நாடகம மரபிலிருந்து உயிர்பெற்ற ‘மனமே’ நாடகத்தை 1956 நவம்பர் 3இல் கொழும்பு லயனல் வென்ற் அரங்கிலே மேடையேற்றினார். அந்த நாடகம மரபே தமிழ்க் கூத்தோடு உறவுடையது என்பதை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் செய்து இரு இனத்தாரையும் பிரித்த அதே 1956ஆம் ஆண்டிலே, இரு இனத்தாரின் கலைக்கும் பொதுவான வேர் ஒன்று மேடையிலே துளிர்த்தது என்பது கவனித்தற்குரியது. அரசியல்வாதிகளுக்கு இது புரிந்திருந்தால்!

அதே பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன், கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைமையேற்று, ஊர் ஊராகச் சென்று அண்ணாவிமாரைச் சந்தித்தார். கூத்துப் போட்டிகளை நடத்துவித்தார். ஏடுகளைத் தேடிப் பதிப்பித்தார். 1962இல் ‘அலங்காரரூபன் நாடகம்’ அச்சாயிற்று. அண்ணாவியார் வீட்டுப் பெட்டியிலே இருந்த கூத்து நூலக அலுமாரிக்குள் நுழைந்தது. வாவிக்கரை வரலாற்றுக்கும் அது நல்ல காலம்: அதே 1962இல் எவ். எக்ஸ். சி. நடராசா ‘மட்டக்களப்பு மான்மிய’த்தைப் பதிப்பித்தார், 1964இல் வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ வெளிவந்தது.

1962இலே பேராதனை மாணவர் ‘கர்ணன் போர்’ ஆடினர். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் அவர்களுக்குப் பழக்கினார். பல்கலைக்கழகத்திலே பட்டமில்லாத ஒருவர் பட்டதாரிகளுக்கு ஆசானாக நின்றார் என்பதை மெல்ல நினைத்துப் பாருங்கள். 1963இல் தென்மோடியிலே ‘நொண்டி நாடகம்’ வந்தது. அதனையடுத்து வந்த ‘இராவணேசன்’ வித்தியானந்தனின் முயற்சிகளுள் சிகரமாயிற்று. மௌனகுரு அதிலே இராவணனாக ஆடினார்.

இந்த மறுமலர்ச்சியால் நாம் பெற்றதென்ன, இழந்ததென்ன என்பது பற்றி இன்றளவும் வாதம் ஓயவில்லை. விடிய விடிய ஆடிய கூத்து ஒன்றரை மணி நேரத்துக்குள் சுருக்கப்பட்டது. வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. நாற்புறமும் இருந்த சனம் ஒருபுறம் ஒதுங்கியது. அண்ணாவியார் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போனார். நகரத்து மண்டபத்திலே ஆடப்பட்டதனால் கூத்துக்கு மதிப்பு வந்தது உண்மை. அந்த மதிப்பு கூத்தனுக்கு வந்ததா? நம் கருத்திலே, வித்தியானந்தன் செய்தது அக்காலத்துக்கு வேண்டிய பணி. கூத்தைக் கலையென்றே ஒப்பாதிருந்தவர்களை அவர் ஒப்பவைத்தார். ஆனால் அதுவே முடிந்த முடிபு என்று கொண்டவர்கள், களரியை விட்டுவிட்டு ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஊர் சேர்ந்து செலவையும் உழைப்பையும் சுமக்கும் முறையை அவர்கள் மேடைக்குக் கொண்டுவரவில்லை. மௌனகுருவே 1969இல் ‘சங்கார’த்தை எழுதியபோது, வடமோடி ஆட்டத்தைச் சாதி, வர்க்க ஒடுக்குமுறைக்கு எதிரான போருக்குப் படைக்கலமாக்கினார். அரசர்க்கு ஆடிய கால்கள் உழைப்பவனுக்காக ஆடமுடியும் என்பது அன்று நிரூபணமாயிற்று.

பின் வந்த ஆண்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல மனமில்லை. 1978 நவம்பர் 23இல் சூறாவளி மட்டக்களப்பைச் சின்னாபின்னமாக்கியது. 1981 யூன் திங்களின் தொடக்கத்திலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. 1983இன் பின்னர் போர். இரவிலே வீட்டைவிட்டு வெளியே செல்லவே அஞ்சிய காலத்தில் விடிய விடியக் கூத்து எங்ஙனம் ஆடுவது? இருள்தான் களரியின் முதல் மூலதனம். அந்த இருளைத் துப்பாக்கி எடுத்துக்கொண்டது. 2004 திசம்பர் 26இல் கடல் வந்து எழுவான்கரையின் ஊர்களை வாரிச் சென்றது. இத்தனைக்கும் பிறகும் கூத்து மீந்தது. நூல் எரிந்தால் நூல் போயிற்று. கூத்தோ ஏட்டிலே மட்டும் இருக்கவில்லை. பிற்பாட்டுக்காரனின் காதிலும் ஆடினவனின் காலிலும் இருந்தது. ஆயினும் இதிலே மயங்கிவிடலாகாது. பாடத் தெரிந்த கிழவர் இறந்தால் அதுவும் ஒரு நூலகம் எரிந்ததற்குச் சமமே. அந்தத் தீயின் புகை எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை.

இரண்டாயிரத்தின் முதலாண்டுகளிலே, மட்டக்களப்பு நகரை அடுத்த சீலாமுனையிலே, சி. ஜெயசங்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் கூத்து மீளுருவாக்கம் என்னும் முயற்சியைத் தொடங்கினர். கூத்தை ஊரிலிருந்து மண்டபத்துக்கு எடுத்துப்போவதன்று அவர்கள் நோக்கம். கூத்து ஊரிலேயே, களரியிலேயே, ஊரவராலேயே ஆடப்பட வேண்டும். ஆனால் சாதியும் பெண்ணடிமையும் பேசும் பகுதிகளை அவ்வூரவரே கூடியிருந்து விவாதித்து மாற்றி எழுத வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. ஆய்வாளன் எழுதிக் கொடுக்க ஊரவன் ஆடுவது என்ற முறை அங்கே தலைகீழாயிற்று. வித்தியானந்தன் விட்ட இடத்திலே எழுந்த கேள்விக்கு இது ஒரு விடை. எல்லா ஊருக்கும் பொருந்துமா என்பது அவ்வவ்வூர் ஆடிப் பார்த்தே அறிய வேண்டியது. 1982இல் கல்லடியிலே இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கி, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து வளர்ந்த சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலே இன்று பெண்கள் கூத்துப் பயின்று ஆடுகின்றனர். பாய் விரித்துப் பார்த்திருந்தவர்களின் பேத்திகள் அவர்கள்.

இனி நூலகத்துக்கு வருவோம். ஊர் நூலகங்களிலே வாசிப்பு மாதம் கொண்டாடும்போது, ஒரு மாலைப்பொழுதிலே ஆடல்பாடல் நிகழ்ச்சி ஒன்று வைத்து, அரைமணி நேரம் கூத்திலிருந்து ஒரு துண்டை ஆடச் செய்து, சான்றிதழ் கொடுத்து அனுப்புவது வழக்கமாகியிருக்கின்றது. இதனை வேண்டாமென்று சொல்லமாட்டோம். ஆனால் ஆடியவரிடமிருந்து நூலகம் என்ன பெற்றுக்கொண்டது? அவர் கையிலுள்ள கொப்பியைப் பார்த்துப் படியெடுத்ததா? அவர் பாடும் தருவைப் பதிவு செய்து, கேட்க வரும் மாணவனுக்குக் கொடுக்க ஓர் அறை ஒதுக்கியதா? முற்றத்திலே வட்டமாக மண்ணைக் கூட்டி, சட்டங்கொடுத்தலிலிருந்து அரங்கேற்றம்வரை மூன்று மாதம் ஊர்ப்பிள்ளைகள் பழகுவதற்கு இரவிலே படலையைத் திறந்து வைத்ததா? பறைமேளக் கலைஞரை வாசலில் வரவேற்பு மேளத்துக்கு மட்டும் அழைக்காமல், உள்ளே ஆசானாக அமர்த்தியதா?

ஆசிரியர்கள் இதற்கு அரசாங்கத்தின் சுற்றுநிருபம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. படுவான்கரையின் எந்த ஊரிலும் ஒரு பழைய கூத்துக் கொப்பி ஒரு வீட்டுப் பெட்டிக்குள்ளே இருக்கக்கூடும். மாணவர் இருவர் ஒரு விடுமுறையிலே போய், அவ்வீட்டாரின் அனுமதியோடு அங்கேயே இருந்து அதனைப் பெயர்த்தெழுதலாம். எழுதும்போது பாட்டை மட்டும் எழுதாது, எந்தத் தருவுக்கு எந்தத் தாளக்கட்டு, எந்த ஆண்டிலே எவர் எந்தப் பாத்திரம் ஆடினார், அண்ணாவியார் யார், ஆடாது நிறுத்தப்பட்டவர் எவர் என்பவற்றையும் வீட்டிலுள்ள முதியவர்களைக் கேட்டு ஓரத்திலே குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு படி அவ்வீட்டுக்கு. ஒரு படி ஊர் நூலகத்துக்கு.